கிராம சபைத் தீர்மானம் ஒரு காட்டைக் காப்பாற்றுமா?

கேட்ட கேள்வி இது: "எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. அய்யனார் கோயிலை ஒட்டிப் பெரிய காடு. உசில், வீரை, காயா என்று எல்லாமே நாட்டு மரங்கள். இப்போது அதைச் சுற்றி பிளாட் போடுகிறார்கள். மேற்கே குவாரி வரப்போகிறது என்றும் பேச்சு. நான் முன்னாள் வார்டு உறுப்பினர். கிராம சபையில் தீர்மானம் போட்டால் நிறுத்த முடியுமா? எங்கள் ஊராட்சி செயலர் 'அதெல்லாம் வெறும் பேப்பர்' என்கிறார்."

செயலர் சொல்வது பாதி நிஜம். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் 22 வருடம் குப்பை கொட்டியவன் நான். என் மேசைக்கு வந்துபோன தீர்மானங்களில் முக்கால்வாசி வெறும் பேப்பர்தான். ஆனால் இதே நாட்டில் கிராம சபைத் தீர்மானம் ஒரு மலையையே காப்பாற்றியிருக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அதைச் சொல்கிறேன்.

முதலில் நானே பார்த்த ஒன்று. ஊர்ப் பெயர் வேண்டாம். மலையை ஒட்டிய சிற்றூராட்சி. கல்குவாரிக்கு எதிராக ஊரே திரண்டு அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டது. மைக் செட் கட்டி, பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, கைதட்டலோடு நிறைவேறிய தீர்மானம். வாசகம் என்ன தெரியுமா? "நமது ஊராட்சிக்கு உட்பட்ட இயற்கை வளங்களைப் பாதுகாக்க வேண்டுமென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." அவ்வளவுதான். எந்த மலை, எந்த சர்வே எண், எத்தனை ஹெக்டேர், யாருக்கு அனுப்புவது, ஒன்றும் கிடையாது. கலெக்டர் அலுவலகத்தில் விசாரணை நடந்த அன்று குவாரி தரப்பு வக்கீல் அதே ஊராட்சியின் பழைய தீர்மான நகல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு வருடத்துக்கு முந்தியது. தெருவிளக்குக்கு பல்பு வாங்கியது, குடிநீர் மோட்டாருக்கு காயில் கட்டியது என்ற வரிசையில் ஏழாவது பொருளாக, சர்வே எண், உட்பிரிவு, பரப்பு எல்லாம் பிசகில்லாமல் எழுதி, "ஆட்சேபணை இல்லை" என்று முடித்திருந்தது. கீழே தலைவர் கையெழுத்து. தலைவருக்கே அது நினைவில் இல்லை. நீட்டிய இடத்தில் போட்டிருக்கிறார்.

ஊர் கூடிப் போட்ட தீர்மானத்தில் சர்வே எண் இல்லை. ஊருக்குத் தெரியாமல் போட்ட தீர்மானத்தில் இருந்தது. எது ஜெயித்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் உங்கள் வேலை கிராம சபையில் ஆரம்பிக்கவில்லை. வருவாய்த்துறையின் நில விவர ஏடான 'அ' பதிவேட்டில் ஆரம்பிக்கிறது. நீங்கள் "காடு" என்று சொல்வது அரசு ஏட்டில் என்னவாக இருக்கிறது? காப்புக்காடா, கோயில் புறம்போக்கா, மேய்க்கால் புறம்போக்கா, தீர்வை ஏற்படாத தரிசா, இல்லை யாராவது ஜமீன் வாரிசின் பட்டாவா? இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம், ஓர் அதிகாரி, ஒரு வழி. பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்: நூறு வருடமாக யாரும் அரிவாள் வைக்காத கோயில்காடு ஏட்டில் 'தரிசு' என்று இருக்கும். தரிசு என்றால் கேட்பவருக்குக் கொடுக்கலாம் என்று ஓர் எண்ணம் அதிகாரிகளுக்கு வந்துவிடுகிறது. 'அ' பதிவேட்டு விவரம் இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது. புல வரைபடத்தையும் வாங்கிக்கொண்டு, விஏஓவையும் ஊரில் எல்லை தெரிந்த இரண்டு பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் நடந்து வாருங்கள். காட்டுக்குள் எத்தனை சர்வே எண் அடங்குகிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும். பாதிக் காடு ஒரு எண்ணிலும் மீதி நாலைந்து பட்டாவிலும் சிதறிக் கிடக்கும். பிளாட் போடுகிறவர் அதை உங்களுக்கு முன்பே நடந்து பார்த்திருப்பார்.

அடுத்து, ஊராட்சியின் எல்லை எதுவரை என்பதில் கற்பனை வேண்டாம். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பதினோராவது அட்டவணையில் 29 பொருள்களை உள்ளாட்சிகளுக்கு என்று எழுதிவைத்தது. அதில் காடு சம்பந்தமாக வருவது சமூகக் காடு வளர்ப்பு, பண்ணைக் காடு வளர்ப்பு, சிறு வனப் பொருள்கள். 'காடு' என்பது அதில் இல்லை. அது 1976-லேயே பொதுப் பட்டியலுக்குப் போய்விட்டது. மத்திய அரசும் மாநில அரசும் மட்டும் உட்காரும் பந்தி அது. ஊராட்சிக்கு இலை போடவில்லை. இதைத்தான் உங்கள் செயலர் "வெறும் பேப்பர்" என்கிறார்.

ஆனால் பந்தியில் இலை இல்லாதவனுக்கும் சமையலறை வழியாக ஒரு வாசல் உண்டு. அந்த வாசலைக் காட்டியது ஒடிசாவின் நியாம்கிரி.

ராயகடா, காளஹண்டி மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலைத்தொடர் அது. டோங்கிரியா கோண்டு பழங்குடி மக்களுக்கு அந்த மலையே தெய்வம், நியாம் ராஜா. உச்சியில் அலுமினியத் தாதுவான பாக்சைட். அடிவாரத்தில் லாஞ்சிகட்டில் வேதாந்தா நிறுவனம் அலுமினா ஆலையைக் கட்டி முடித்துவிட்டு, மேலே சுரங்கத்துக்குக் காத்திருந்தது. கேட்டது 660 ஹெக்டேர் காடு. (ஆலையை முதலில் கட்டிவிட்டு அனுமதியைப் பிறகு கேட்பது நம் நாட்டில் ஒரு கலை.) 2010-இல், தான் ஆராய அமைத்த சக்சேனா குழுவின் அறிக்கைக்குப் பிறகு, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வன அனுமதியை மறுத்தது. ஒடிசா அரசின் சுரங்கக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்புதான் விஷயம். இந்த மலை மீது மக்களுக்குச் சமய, பண்பாட்டு உரிமை இருக்கிறதா, சுரங்கம் அதைப் பாதிக்குமா என்பதை கிராம சபைகளே பரிசீலித்துச் சொல்லட்டும், அதைப் பார்த்து அமைச்சகம் முடிவெடுக்கட்டும் என்றது நீதிமன்றம்.

மலையிலும் சரிவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள். மாநில அரசு 12 ஊர்களை மட்டும் பொறுக்கி எடுத்தது. அந்த 12 போதாது என்று அப்போதே சண்டை நடந்தது. ஜூலை 18-ஆம் தேதி சேர்க்கப்பாடியில் முதல் சபை, ஆகஸ்ட் 19-ஆம் தேதி ஜராப்பாவில் கடைசிச் சபை. நல்ல மழைக்காலம். நீதித்துறை அதிகாரி ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்திருக்க, சுற்றிலும் போலீஸ் நிற்க, ஊர் ஊராகச் சபை கூடியது. அரசு பொறுக்கிய 12 ஊரும், ஒன்றுகூட மிச்சமில்லாமல், வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் அமைச்சகம் அனுமதியை மறுத்து அந்தத் திட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மறுபடி சபை கூட்ட வேண்டும் என்று ஒடிசா தரப்பு 2016-இல் உச்ச நீதிமன்றத்தைத் தட்டிப் பார்த்தது. கதவு திறக்கவில்லை.

இதைக் கேட்டதும் "அப்ப நம்ம கிராம சபையும் போடலாமே" என்று எல்லோரும் துள்ளுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். நியாம்கிரியில் கூடியது பஞ்சாயத்துச் சட்டத்தின்படி வருடத்துக்கு ஆறு முறை கூடும் சபை அல்ல. 2006-ஆம் வருட வன உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் சபை. பல குக்கிராமங்கள் சேர்ந்தது ஓர் ஊராட்சி என்றால், இங்கே அந்தக் குக்கிராமம் ஒவ்வொன்றும் தனித்தனிச் சபை. அந்தச் சட்டத்தின் 3(1) பிரிவில், மரபாகக் காத்துவந்த காட்டை நிர்வகிக்கவும் மீட்கவும் காக்கவும் உள்ள உரிமை எழுதப்பட்டிருக்கிறது. 5-ஆவது பிரிவு காட்டையும் நீர்ப்பிடிப்பையும் சேதப்படுத்தும் செயலைத் தடுக்கும் அதிகாரத்தை உரிமை பெற்றவர்களுக்கும் சபைக்கும் தருகிறது. ஊராட்சிச் சட்டத்தில் இப்படி ஒரு வரி கிடையாது. தீர்மானம் அதே தீர்மானம்தான். அது தொங்கும் ஆணி வேறு.

உங்கள் ஊரில் பழங்குடியினர் குடியிருப்பு இருந்தாலோ, மூன்று தலைமுறையாக, அதாவது 75 வருடமாக, காட்டை நம்பி வாழும் மற்றவர்கள் இருந்தாலோ, இந்த ஆணி உங்களுக்கும் உண்டு. காப்புக்காட்டுக்கும் பொருந்தும். ஆனால் தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் தவழ்ந்துதான் வந்தது. 2008-லிருந்து பல வருடம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் பட்டா கொடுக்க முடியாமல் தேங்கிக் கிடந்தது. ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஓர் அங்குலம்கூட நம் மாநிலத்தில் இல்லாததால் பழங்குடிப் பகுதிகளுக்கான 'பெசா' சட்டமும் இங்கே பொருந்தாது. அதோடு 2022-இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகள், மத்திய அரசு அனுமதி கொடுத்த பிறகு வன உரிமை விவகாரத்தை மாநில அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்று வரிசையை மாற்றிவிட்டன. தாலி கட்டிய பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதை.

வன உரிமைச் சட்டத்தில் காலூன்ற வழியில்லாத ஊர்தான் உங்களுடையது என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்களுக்கு நியாம்கிரியைவிட அரிட்டாபட்டி நெருக்கமான பாடம்.

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் உள்ள அரிட்டாபட்டியைப் பற்றி எல்லோருக்கும் 2024 கடைசியில்தான் தெரிய வந்தது. ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்குகிறது. ஏழு குன்றுகள், குன்றின் நீரைப் பிடிக்கும் கண்மாய்கள், சுனைகள், லகர் வல்லூறு, ராசாளி முதலாகப் பறவைகள், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சமணர் படுகை, குடைவரைச் சிவன் கோயில். ஊர்க்காரர்களும் பறவை பார்ப்பவர்களும் தொல்லியல் ஆர்வலர்களும் பல வருடமாக இதையெல்லாம் எழுதி எழுதிச் சேர்த்தார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மாநிலத்தில் அதுதான் முதல் தலம்.

இரண்டே வருடம். 2024 நவம்பர் 7-ஆம் தேதி நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியை ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் எடுத்தது என்று அறிவிப்பு வந்தது. பரப்பு 2,015 ஹெக்டேருக்கு மேல். பாரம்பரியத் தலமும் அதற்குள் அடக்கம். டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் 2023 சட்டத் திருத்தத்தால் மத்திய அரசின் கைக்குப் போயிருந்தது. தீபாவளியால் நவம்பர் 1-இலிருந்து தள்ளிப்போன கிராம சபை நவம்பர் 23 அன்று கூடியபோது அரிட்டாபட்டி உட்பட அந்த வட்டாரத்து ஊராட்சிகள் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது.

இப்போது கவனியுங்கள். டிசம்பர் 24-ஆம் தேதி மத்திய சுரங்க அமைச்சகம் முதல் படி இறங்கியது. எப்படி இறங்கியது? "பல்லுயிர்த் தலம் உள்ள பகுதியை விலக்கி எல்லையை மறுபடி ஆராயுங்கள்" என்று இந்தியப் புவியியல் ஆய்வு மையத்திடம் சொன்னது. அதாவது 2022-இல் போட்ட அந்தக் காகிதம் காப்பாற்றிக் கொடுத்தது 193 ஹெக்டேரை மட்டும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி ஒன்பது பங்கைக் காப்பாற்றியது 2025 ஜனவரி 7-ஆம் தேதி மேலூர்ப் பக்கமிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை நடந்தும் வண்டி கட்டியும் வந்த ஜனம். ஜனவரி 23-ஆம் தேதி ஏலம் முழுதாக ரத்து.

"அப்போ கூட்டம்தானே முக்கியம், காகிதம் எதற்கு?" என்று கேட்பீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. "வேண்டாம்" என்று கத்துகிற ஊர் நாட்டில் ஆயிரம் இருக்கிறது. அமைச்சகம் ஒரு கோப்பில் காரணம் எழுதிப் பின்வாங்குவதற்கு ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடியைக் கொடுத்தது 193 ஹெக்டேர் அறிவிப்பு. சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்துக் கொடுத்தது அது. மீதிச் சுவரை மக்கள் தள்ளினார்கள். கம்பெனி பெயரே யாருக்கும் தெரியாத காலத்தில் செய்துவைத்த வேலை அது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உங்கள் கோயில்காட்டுக்கு இதே வழி திறந்திருக்கிறது. 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஊராட்சியிலும் இருக்கும், ஏட்டில். உறுப்பினர்களுக்கே தாங்கள் உறுப்பினர் என்று தெரியாத குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழு தயாரிக்க வேண்டியது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. இதையும் எங்கோ ஓர் ஏஜென்சியிடம் கொடுத்து, பக்கத்து ஊர்ப் பதிவேட்டில் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்து அலமாரியில் வைத்த ஊர்கள் உண்டு. உங்கள் ஊர்ப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். அய்யனார் காட்டின் பெயராவது அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அதுதான் முதல் வேலை. மரம், கொடி, பறவை, பாம்பு, மருந்துக்குப் பறிக்கும் இலை, கோயில் திருவிழாவில் காட்டுக்கு உள்ள இடம், "இங்கே செருப்புப் போட்டுப் போகக் கூடாது, சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது" என்ற ஊர்க் கட்டுப்பாடு, எல்லாம் எழுத்தில் ஏற வேண்டும். பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறைக்கு ஒரு கடிதம் போட்டால் மாணவர்கள் வருவார்கள், மரப் பெயர் சரியாக விழும். ஆடு மேய்க்கிற பாட்டிக்குத் தெரிந்த பெயர்களை அவர்களுக்கு முன்பே எழுதிவிடுங்கள். பாதி மரத்துக்கு அவர்களிடம் லத்தீன் பெயர்தான் இருக்கும்.

அதன் பிறகு 37-ஆவது பிரிவு: உள்ளாட்சியைக் கலந்துகொண்டு மாநில அரசு ஓர் இடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். காடு சின்னது என்று தயங்காதீர்கள். 2025-இல் மாநிலத்தின் இரண்டாவது தலமாக அறிவிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரகோயில் காடு 4.97 ஹெக்டேர்தான். உங்களுடையது போலக் கோயில்காடுதான். அறிவிப்பால் யாருக்காவது பிழைப்புப் பாதித்தால் அதற்கு ஈடு செய்யத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மேய்ச்சல்காரர்கள் பயப்படும்போது இதைச் சொல்லுங்கள். பயப்படுவார்கள். அவர்களைக் கேட்காமல் எழுதிய தீர்மானத்தை அவர்களே வந்து உடைப்பார்கள், நியாயமாக. (தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் நம் தரமணியிலேயே இருக்கிறது. டெல்லிக்கு ரயில் ஏற வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.)

பிளாட் விவகாரம் வேறு. அது பட்டா நிலத்தில் நடக்கிறது, அங்கே பல்லுயிர்ச் சட்டம் மெதுவாகத்தான் வரும். முதலில் உங்கள் வருவாய்க் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில், எல்லோரும் 'ஹாகா' என்று சொல்வார்களே, அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 1990-இலிருந்து நடைமுறையில் உள்ள ஏற்பாடு. இருந்தால் மனைப்பிரிவுக்கு அந்தக் குழுமத்தின் ஒப்புதல் இல்லாமல் நகர ஊரமைப்புத் துறை கையெழுத்துப் போட முடியாது. பட்டாக் காடு என்றால் 1949-ஆம் வருடத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட தனியார் காட்டை அனுமதியில்லாமல் விற்கவோ மரத்தை வெட்டவோ முடியாது. மலைப்பகுதி மரங்களுக்கு 1955 சட்டம். இவையெல்லாம் ஊராட்சிக்கு அதிகாரம் தரும் சட்டங்கள் இல்லை. ஊராட்சி ஞாபகப்படுத்தினால்தான் அதிகாரிகளுக்கு ஞாபகம் வரும் சட்டங்கள்.

ஊராட்சியின் கையிலேயே இருக்கும் ஒரு பிடி உண்டு, பலரும் கவனிப்பதில்லை. மனைப்பிரிவில் சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குக் கொடை ஆவணம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பத்திரத்தைக் கையில் வாங்கிக்கொள்வது ஊராட்சி. வாங்குவதற்கு முன் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். காட்டுக்குள் போகும் பழைய வண்டிப்பாதையையே "புதிய 30 அடி சாலை" என்று காட்டியிருக்கும். காட்டு ஓடையைப் பூங்கா இடம் என்று தள்ளியிருப்பார்கள். இந்தச் சில்மிஷங்களை வரைபடத்தோடு எழுத்தில் ஆட்சேபித்தால் கோப்பு நிற்கும். நிரந்தரமாக நிற்காது. ஆறு மாதம் நின்றாலும் உங்களுக்கு லாபம், பதிவேடு தயாராகிவிடும்.

ஏட்டில் 'காடு' என்று இல்லாவிட்டாலும் 1996 டிசம்பர் 12-ஆம் தேதி கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்கு உதவும்: அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடுதான், யார் பெயரில் இருந்தாலும். 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி இதைச் சுருக்கப் பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில், இப்போதைக்குப் பழைய பொருளே நீடிக்கட்டும் என்றது. ஆக, ஊராட்சி தன் எல்லைக்குள் காடாக இருக்கும் இடங்களைச் சர்வே எண்ணோடு பட்டியல் போட்டு வன அலுவலருக்கு அனுப்பினால் அது வீண் வேலை ஆகாது.

குவாரி பற்றிச் சுருக்கமாக. 5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் "அருகில் காடு இல்லை, நீர்நிலை இல்லை" என்று எழுதியிருப்பார்கள். அதை மறுக்க நீங்கள் வைக்கும் சான்று என்ன? மறுபடியும் அந்தப் பதிவேடுதான், அந்த நடந்த எல்லைதான்.

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உள்ளாட்சி என்றாலே காட்டின் காவலன் என்று நினைத்துவிடக் கூடாது. மும்பை ஆரே காலனியில் மெட்ரோ பணிமனைக்காக 2,600-க்கும் மேற்பட்ட மரங்களை அகற்ற 2019 ஆகஸ்டில் அனுமதி கொடுத்தது அந்த மாநகராட்சியின் மர ஆணையமேதான். மரத்தைக் காக்க என்றே அமைத்த ஆணையம். அக்டோபர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது, அன்று இரவே ரம்பம் ஓடத் தொடங்கியது. 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்து என்றபோது 2,141 மரம் விழுந்திருந்தது. நம் ஊராட்சிகளும் சளைத்தவை அல்ல. கனிம வருவாயில் உள்ளாட்சிக்குப் பங்கு வருகிறது. குவாரி வந்தால் சாலை போடலாம் என்று கணக்குப் போடும் தலைவர்கள் கெட்டவர்கள் இல்லை, கையில் காசு இல்லாதவர்கள். இன்னொரு வகை, நல்லெண்ணத்தால் கெடுப்பது. நூறு நாள் வேலையில் கோயில்காட்டைச் "சுத்தம்" செய்து, காயாவையும் சூரைப் புதரையும் வெட்டி எறிந்து, அங்கே வரிசையாகப் புங்கன் கன்று நட்டு, பெயர்ப்பலகை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள் ஓர் ஊரில். அந்தக் காட்டின் ஒரு முட்புதர்கூட இனி திரும்பி வராது. தீர்மானத்தில் "காட்டைப் பாதுகாக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் இதுவும் பாதுகாப்புதான் என்பார்கள். "இயல்பாக உள்ள செடிகொடிகளை அகற்றாமல், புதிதாக எதையும் நடாமல்" என்று சேர்த்து எழுதுங்கள். வெளியிலிருந்து வந்து பரவும் உண்ணிச்செடியையும் சீமைக்கருவேலத்தையும் எடுப்பதற்கு மட்டும் விலக்கு.

காத்த பிறகு என்ன என்றும் ஊரில் கேட்பார்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா என்று ஒரு கோண்டு கிராமம். "டெல்லியிலும் மும்பையிலும் எங்கள் சர்க்கார், எங்கள் ஊரில் நாங்களே சர்க்கார்" என்பது அவர்கள் சொல். ஓட்டெடுப்புக் கிடையாது, ஒருவர் மறுத்தாலும் பேசிப் பேசி எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் முடிவு. 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு வன உரிமைச் சட்டத்தின் கீழ் ஊருக்கே பொதுவான சமூக வன உரிமை வாங்கினார்கள், நாட்டிலேயே முதலாவதாக வாங்கியவர்களில் ஒருவர். வாங்கிய பிறகும் மூங்கிலை வெளியே கொண்டுபோக வனத்துறை அனுமதிச்சீட்டு தரவில்லை, மூங்கில் புல்லா மரமா என்று சண்டை. 2011 ஏப்ரலில் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் போய், அனுமதிச்சீட்டுப் புத்தகத்தையே கிராம சபையின் கையில் கொடுத்தார். மூங்கில் விற்ற காசு ஊர்க் கணக்கில் வந்தது. காட்டைக் காப்பதில் வயிறும் சேர்ந்திருந்ததால்தான் அந்த ஊர் சோர்ந்துபோகவில்லை என்பது என் கணிப்பு. உங்கள் கோயில்காட்டில் விற்க எதுவும் இருக்காது, இருந்தாலும் அய்யனார் விடமாட்டார். ஆனால் அந்தக் காட்டால்தான் கீழே உள்ள கண்மாயில் தண்ணீர் தேங்குகிறது என்றால் அதுவும் வயிறுதான். ஆயக்கட்டு விவசாயிகளைச் சபைக்கு முதலில் கூப்பிடுங்கள்.

இனி தீர்மானம். குறைந்தபட்ச வருகை மக்கள்தொகையைப் பொறுத்தது. 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர். கையெழுத்து அந்த எண்ணைத் தொடாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் தீர்மானத்தைப் படிக்கவே மாட்டார், பக்கத்தைப் புரட்டி எண்ணுவார். 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து அவர்கள் இடத்தில் தனி அலுவலர் வந்ததால் சபை கூடாது என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். தலைவர் இல்லாவிட்டாலும் சபை உண்டு. ஊர் வாக்காளர்கள்தான் சபை.

வாசகத்தில் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை, ஏட்டில் உள்ள வகைப்பாடு, அங்கே உண்மையில் உள்ளது, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி என்ன கேட்கிறோம், நகல் யார் யாருக்கு என்பது எல்லாம் வர வேண்டும். கூடவே ஒரு வரி: இதற்கு முன் இந்தச் சர்வே எண்கள் குறித்து ஊராட்சி கொடுத்த ஆட்சேபணையின்மை எதுவும் இருந்தால் அதை இந்தச் சபை ஏற்கவில்லை. நான் மேலே சொன்ன ஊருக்கு இல்லாமல் போனது இந்த ஒரு வரிதான். அதைச் சேர்ப்பதற்கு முன் கடந்த ஐந்து வருடத் தீர்மானப் புத்தகங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். ஏழாவது பொருள், எட்டாவது பொருள் வரை படியுங்கள்.

எல்லை நடக்கப் போகிற அன்று செயலரையும் கூப்பிடுங்கள். வெயிலில் அலுத்துக்கொள்வார். பரவாயில்லை, சர்வே எண்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்போவது அவருடைய பேனாதான்.